கதை சொல்லத் தெரியும், எழுதத் தெரியாது

போன வருஷம் என் நாவலை நானே மின்னூலாகப் போட்டேன். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவில் நடக்கிற கதை. வாட்ஸ்அப் குழுக்களில் லிங்க் போட்டு, திருவொற்றியூர் நண்பர்களை நச்சரித்து, மூணு மாசத்தில் வித்தது 17 பிரதி. அதில் 9 பேர் சொந்தக்காரர்கள். மீதி 8 பேர் யாரென்று விற்ற தளத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அப்போதுதான் வை.மு. கோதைநாயகியைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். 1924-ல் அது அச்சாச்சு.

அடுத்த வருஷமே, நின்று போயிருந்த 'ஜகன்மோகினி' மாத இதழை எடுத்து நடத்த ஆரம்பித்தார். 'வைதேகி' நாவல் அதில் தொடராக வந்தது. ஒரு பெண் இதெல்லாம் செய்யலாமா என்று எதிர்ப்பு வந்தது. இதழ் நிற்கவில்லை, விற்பனை ஏறியது. 1960-ல் இறப்பதற்குள் 115 நாவல்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான். நாம ஒரு புத்தகத்தை ஒரே ஒரு தடவை விக்கப் பாக்கிறோம். அவர் அடுத்த மாசத்து அத்தியாயத்தை வித்தார். வாசகரிடம் போகிற வழியும் அவர் கையிலேயே இருந்தது.

அடுத்த நாவலை ஞாயிறுதோறும் ஒரு அத்தியாயமாக மின்னஞ்சலில் அனுப்புகிறேன். பட்டியலில் இப்போ 31 பேர். சொந்தக்காரர்கள் அதே 9 பேர்தான்.