வியட்நாம் போரின் நச்சும் வாரிசுகள் பற்றிய ஆய்வும்

1962 முதல் 1971 வரை, எதிரிப் படைகளுக்கு மறைவிடமாக இருந்த காடுகளின் இலைகளை உதிர்க்கவும் பயிர்களை அழிக்கவும் அமெரிக்கப் படைகள் தென் வியட்நாமில் ஏறத்தாழ 7 கோடி லிட்டர் களைக்கொல்லிகளைத் தெளித்தன. அவற்றுள் பெரும்பங்கு வகித்த ‘ஏஜென்ட் ஆரஞ்சு’, தயாரிப்பின்போதே உண்டாகும் டையாக்சின் என்னும் கொடிய நச்சினால் மாசுபட்டிருந்தது.

நாடு திரும்பிய வீரர்களின் பிள்ளைகள் சிலர் உடற்குறைகளுடன் பிறந்ததற்கு இந்நச்சு காரணமா என்ற கேள்வி வலுத்து வந்த நிலையில், 1991ஆம் ஆண்டின் ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம், அறிவியல் சான்றுகளைத் தொடர்ந்து மதிப்பிடும் பணியைத் தேசிய அறிவியல் கழகத்திடம் ஒப்படைத்தது. கருவிலேயே முதுகெலும்பு முழுமையாக மூடாமல் போகும் ‘ஸ்பைனா பிஃபிடா’ என்ற குறைபாட்டுக்கும் தந்தையின் நச்சுத்தொடர்புக்கும் இடையே வரம்புக்குட்பட்ட சான்று உண்டென 1996இல் அக்கழகத்தின் அறிக்கை கூறியதையடுத்து, அவ்வாண்டே வீரர்களின் பிள்ளைகளுள் அக்குறைபாடு உடையோருக்கு உதவித்தொகையும் மருத்துவமும் வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. போரில் பணியாற்றிய பெண்களின் பிள்ளைகளுக்கு உள்ள வேறு பிறவிக் குறைபாடுகளையும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

ஆயினும் ஸ்பைனா பிஃபிடா பற்றிய சான்று போதாதென 2016இல் வெளிவந்த மறுமதிப்பீடு முடிவுசெய்தது. இதே போன்ற கேள்வியை வளைகுடாப் போர் வீரர்களின் சந்ததி குறித்து ஆராய்ந்து 2018இல் வெளிவந்த அறிக்கை, தலைமுறைகளைத் தொடர்ந்து கண்காணித்துத் தரவு திரட்டும் ஏற்பாடு தேவை என வலியுறுத்தியது.

வீரர்களின் பிள்ளைகளுக்கென இயற்றப்பட்ட இச்சட்டங்களில், அதே நச்சு பொழிந்த மண்ணில் வாழ்ந்த வியட்நாமியரின் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பது இவ்வரலாற்றின் பெருங்குறையாகும்.