ஒரு வாக்கியமும் ஒரு மைதானமும்

1972-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன் கல்வித் திருத்தச் சட்டம் ஒன்றிற்குக் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் 'ஒன்பதாம் தலைப்பு' என வழங்கும் பகுதியின் உயிர்நாடி ஒரே ஒரு வாக்கியம். நடுவண் அரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்விப் பணியிலும் ஆண், பெண் என்னும் வேறுபாடு காட்டி எவரையும் விலக்கலாகாது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் 37 சொற்கள். அவற்றுள் 'விளையாட்டு' என்னும் சொல் இல்லை.

அச்சொல் இடம்பெறாத அவ்வாக்கியமே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மைதானங்களில் மகளிர்க்கு இடம் பெற்றுத் தந்தது. இம்மலரைப் படிப்போருள் அரசு அலுவலகங்களில் பணிபுரிவோர் பலர். ஆணை பிறப்பது ஒரு நாள், அது நடைமுறைக்கு வருவது வேறொரு நாள் என்பதை நாம் அறிவோம். அவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் யார் என்ன செய்தனர் என்பதை ஓர் அணியின் வாயிலாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வணி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மகளிர் மென்பந்து அணி.

மென்பந்து, அதாவது சாஃப்ட்பால், பேஸ்பால் ஆட்டத்தின் இளைய உடன்பிறப்பு. 1887-ஆம் ஆண்டு நன்றி நவிலும் திருநாளன்று, சிகாகோ நகரின் படகுக் கழகம் ஒன்றின் கூடத்திற்குள்ளே இளைஞர் சிலர் குத்துச்சண்டைக் கையுறையைக் கயிற்றால் கட்டிப் பந்தாக்கி, கோலால் அடித்து விளையாடினர். ஜார்ஜ் ஹான்காக் என்பார் அவ்வேடிக்கையை ஒரு விளையாட்டாக ஒழுங்குபடுத்தினார். 'சாஃப்ட்பால்' என்ற பெயர் 1926-இல்தான் சூட்டப்பட்டது. பெயரில் மென்மை இருப்பினும் பந்தில் அது அவ்வளவாக இல்லை. பேஸ்பாலில் எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். இக்காலக் கல்லூரி மகளிர் மென்பந்தில் 43 அடியே. நம்மவர்க்குப் பழகிய கிரிக்கெட் ஆடுகளத்தின் 22 கஜம், அதாவது 66 அடி, என்பதோடு ஒப்பிட்டால் அந்த அண்மை விளங்கும். பந்தைத் தோளுக்கு மேலிருந்து எறியாமல், கையைச் சக்கரமாகச் சுழற்றி இடுப்பளவில் விடுகின்றனர். அடிப்பவர் கண்டு முடிவு செய்வதற்குள் பந்து அவரைக் கடந்துவிடும். 7 இன்னிங்ஸ் கொண்ட இவ்வாட்டத்தில் ஓர் ஓட்டமே வெற்றியைத் தீர்மானிப்பது உண்டு.

சட்டம் வருவதற்கு முன் கல்லூரி மகளிர் இதனை ஆடவில்லை என்று கருதுதல் தவறாகும். மகளிர் கல்லூரி உலகத் தொடர் என்னும் போட்டி 1969-இலேயே நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் தொடங்கிவிட்டது. முதல் மூன்று ஆண்டுகளும் பட்டம் வென்றது அம்மாநிலத்தின் வாஹூ என்னும் சிற்றூரிலிருந்த ஜான் எஃப். கென்னடி கல்லூரி. பெரிய பல்கலைக்கழகங்கள் மகளிர் ஆட்டத்தைப் பொருட்படுத்தாத காலத்தில் அதனைப் போற்றியது அச்சிறு கல்லூரியே. அக்கல்லூரி 1975-இல் மூடப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகம் தன் மென்பந்து அணியைத் தொடங்கியதும் அதே 1975-இல்தான். ஒரு விளக்கு அணைந்த ஆண்டில் மற்றொன்று ஏற்றப்பட்டது.

1975 என்பது தற்செயலான ஆண்டன்று. 1972-இன் வாக்கியத்தைச் செயற்படுத்தும் விதிகள் வெளியானதும் அவ்வாண்டில்தான். விளையாட்டும் அச்சட்டத்துள் அடங்கும் என்பதை அவ்விதிகள் தெளிவாக்கின. கல்லூரிகள் தம்மைத் திருத்திக்கொள்ள 1978 ஜூலை வரை தவணை தரப்பட்டது. அதற்கிடையே எதிர்ப்பும் எழாமல் இல்லை. ஆடவர் விளையாட்டுகளை ஆண்டுவந்த தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், இவ்விதிகள் செல்லா என்று 1976-இல் வழக்குத் தொடுத்தது.

இச்சூழலில் அணியின் முதல் பயிற்றுநராக அமர்ந்தவர் ஷாரன் பாக்கஸ் அம்மையார். தொடக்கத்திலேயே அணியில் சேர்ந்த மாணவியருள் ஒருவர் சூ என்குவிஸ்ட். சட்டம் கொடுத்த தவணை முடியும் 1978-ஆம் ஆண்டிலேயே அவ்வணி தேசியப் பட்டம் வென்றது. அப்போது அப்பட்டத்தை வழங்கியது 1971-இல் மகளிரே தமக்கென நிறுவிக்கொண்ட மகளிர் கல்லூரி விளையாட்டுச் சங்கம்.

பின்னர் நிகழ்ந்தது வரலாற்றின் ஒரு முரண். நீதிமன்றத்தில் மகளிர் விளையாட்டு விதிகளை எதிர்த்த தேசியச் சங்கம், மகளிர்க்கும் தானே போட்டிகள் நடத்துவதென 1981-இல் முடிவு செய்தது. பொருள்வலிமையும் தொலைக்காட்சியும் அதன் பக்கம் இருந்தன. மகளிர் சங்கம் சில ஆண்டுகளில் மறைந்தது. தேசியச் சங்கத்தின் முதல் மென்பந்துப் பட்டம் 1982-இல் வழங்கப்பட்டபோது, இறுதியாட்டத்தில் ஃபிரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்தை 2-0 என வென்று அதனைக் கைக்கொண்டது லாஸ் ஏஞ்சல்ஸ் அணியே. 1984-இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் அணியோடு 13 இன்னிங்ஸ் வரை போராடி 1-0 என வென்றது. 1985-இலும் பட்டம் அதற்கே.

மைதானத்தில் வெற்றிகள் குவிந்த அந்நாள்களிலேயே, நீதிமன்றத்தில் அடித்தளம் அசைந்தது. நிதியுதவி நேரடியாகப் பெறும் துறையை மட்டுமே ஒன்பதாம் தலைப்பு கட்டுப்படுத்தும் என 1984-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாட்டுத் துறைகளுக்கு நடுவண் நிதி நேரடியாகச் செல்வது அரிது. ஆகவே சட்டம் ஏட்டில் இருந்தும் மைதானத்தில் இல்லாத நிலை உருவாயிற்று. நான்காண்டுகளுக்குப் பின் 1988 மார்ச்சில், குடியரசுத் தலைவர் ரீகனின் மறுப்பையும் மீறி நாடாளுமன்றம் இக்குறையை நீக்கியது. அவ்வாண்டும், 1989, 1990 ஆகிய ஆண்டுகளிலும் அணி தொடர்ந்து வாகை சூடியது. பெற்ற உரிமையும் காவலின்றி நில்லாது என்பதற்கு இந்நான்காண்டுகளே சான்று.

இவ்வணியின் வரலாற்றில் நாம் பெரிதும் மதிப்பது பட்டங்களின் எண்ணிக்கையை அன்று. சட்டம் பிறந்த காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளின் மகளிர் அணிகளுள் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவற்றில் பயிற்றுநர்கள் பெண்களே. பணமும் பதவியும் பெருகப் பெருக, அவ்விடங்களுக்கு ஆடவர் வந்தனர். பெண் பயிற்றுநர்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தனர். மாணவியர்க்கு வாயில் திறந்த சட்டமே ஆசிரியைகளுக்கு அதனை ஒருக்களித்துச் சாத்தியது எனலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் அணியிலோ தலைமை ஒரு பெண்ணிடமிருந்து மற்றொரு பெண்ணுக்கே சென்றது. பாக்கஸிடம் பயின்ற என்குவிஸ்ட் 1980-இல் துணைப் பயிற்றுநராகத் திரும்பி வந்தார். பின்னர் ஆசிரியையோடு பொறுப்பைப் பகிர்ந்து, 1997 முதல் 2006 வரை தனித்து அணியை நடத்தினார். அவருக்குப் பின் 2007-இல் பொறுப்பேற்ற கெல்லி இனோயே-பெரஸ், அவ்விருவரிடமும் பயின்று, பந்து பிடிப்பவராக நின்று பட்டங்கள் கண்டவர். 1975-இல் தொடங்கி அரை நூற்றாண்டில் தலைமைப் பயிற்றுநர்கள் மூவரே. பின்னிருவரும் முன்னவரின் மாணவியர்.

களங்கத்தையும் மறைத்தல் ஆகாது. 1995-இல் அரிசோனா அணியை வென்று பெற்ற பட்டம் பின்னர்ப் பறிக்கப்பட்டது. விதித்த அளவிற்கு மேல் ஆட்டக்காரர்க்கு உதவித்தொகை வழங்கியமை கண்டறியப்பட்டதே காரணம். ஒரு சட்டத்தின் துணையால் எழுந்த அணி, மற்றொரு விதியை மீறியதற்காகத் தலைகுனிய நேர்ந்தது. ஆட்டம் நடந்தது உண்மை. ஏட்டில் அப்பட்டம் இல்லை என்பதும் உண்மை. 1999, 2003, 2004, 2010, 2019 ஆகிய ஆண்டுகளின் வெற்றிகளையும் சேர்த்து, 2019 வரை தேசியச் சங்கத்தின் பட்டங்கள் 12 என்றே கணக்கிடப்படுகின்றன, 13 என்றன்று. 1978-இன் பட்டம் இக்கணக்கில் சேராது. முறையாகப் பெற்ற 12, முறைதவறிப் பெற்ற 13-ஐ விடப் பெரிது என்றே நாம் கருதுகிறோம்.

ஒப்பீடு ஒன்றையும் கூறுதல் தகும். அதே பல்கலைக்கழகத்தின் ஆடவர் பேஸ்பால் அணிக்கு 1981-இல் தனி மைதானம் திறக்கப்பட்டது. மென்பந்து மகளிர்க்கு ஈஸ்டன் மைதானம் கிடைத்தது 1994-இல். அதற்குள் அவர்கள் தேசியச் சங்கத்தின் பட்டங்களை ஏழுமுறை பெற்றிருந்தனர். ஆடவர் அணி தன் முதல் தேசியப் பட்டத்தை 2013-இல்தான் பெற்றது. தகுதி முந்தி வந்தது, இடம் பிந்தி வந்தது.

பல்கலைக்கழக எல்லைக்கு அப்பாலும் இவ்வணியின் புகழ் பரவிற்று. 1996-இல் மென்பந்து முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, இறுதியாட்டத்தில் சீனாவை 3-1 என வென்ற அமெரிக்க அணிக்கு வெற்றி தேடித்தந்த அடி டாட் ரிச்சர்ட்சன் அடித்தது. 1982-இன் பட்டம் வென்ற இவ்வணியில் ஆடிய அவர், அப்போது எலும்பு மருத்துவப் பயிற்சியிலிருந்து விடுப்பெடுத்து வந்தவர். கல்லூரி நாள்களில் 93 ஆட்டங்களில் வென்று ஏழில் மட்டுமே தோற்ற எறிவீராங்கனை லிசா ஃபெர்னாண்டஸ், 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் பொற்பதக்கம் பெற்றார். ஆயினும் 2005-இல் ஒலிம்பிக் குழு இவ்வாட்டத்தை நீக்க வாக்களித்தது. 2008-க்குப் பின் மறைந்த அது 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் மீண்டது, 2024-இல் மீண்டும் மறைந்தது. உலக மேடை தோன்றி மறைந்தபோதும், கல்லூரி மைதானம் மட்டும் மாறாது நின்றது. அது யாருடைய தயவையும் சாராமல், சட்டத்தின் மேல் நின்றமையே காரணம்.

2019-இல் வாஷிங்டன் அணிக்கு எதிராக ரேச்சல் கார்சியா 10 இன்னிங்ஸும் தாமே பந்தெறிந்தார். இறுதியில் தாமே பந்தை எல்லைக்கு வெளியே அடித்து 3-0 என ஆட்டத்தை முடித்தார். 1972-க்கு வெகுகாலம் பின்னர்ப் பிறந்த பெண் அவர். அவருக்கு மைதானம் பிறப்புரிமை போன்றது. அதை அவ்வாறு ஆக்குதற்கு ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தைக் கேட்டுப் பெறவும், எதிர்த்தோரிடமிருந்து காக்கவும், கையில் பந்தை ஏந்தி அதற்குப் பொருள் கொடுக்கவும் மூன்று தலைமுறை மகளிர் வேண்டியிருந்தனர்.

நம் கல்லூரிகளிலும் விதிகள் உள்ளன, மைதானங்களும் உள்ளன. நம் பெண் மக்கள் கல்லூரியிற் சேரும்போது பாடங்களைப் பற்றி விசாரிக்கும் நாம், அங்கே மாலையில் மைதானம் யாருக்கு என்பதையும் ஒரு முறை விசாரிப்போமாக.