பஞ்ச் கார்டில் தொடங்கி டேலி வரை

பி.காம் மாணவர்களுக்கான கம்ப்யூட்டர் பாடம் என்றாலே முதல் யூனிட் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் தலைமுறைக்கு வெற்றிடக் குழாய், இரண்டாம் தலைமுறைக்கு டிரான்சிஸ்டர், அப்புறம் ஐ.சி. சிப்... மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் நிச்சயம். ஆனால் இந்தப் பாடத்துக்கே தலைமுறைக் கதை ஒன்று உண்டு. அதை எந்த கைடும் சொல்வதில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 என்ற கம்ப்யூட்டர் வந்தது. அதை வைத்து ஃபோர்ட்ரான் மொழியில் புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுக்கும் பத்து நாள் வகுப்புகள் நடந்தன. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து படித்துவிட்டுப் போனார்கள். அங்கே பாடம் நடத்தியவர்களில் ஒருவர் நம்ம ஈரோட்டில் பிறந்த வி.ராஜாராமன். 1969-ல் அவருடைய கம்ப்யூட்டர் புரோகிராமிங் பாடநூல் வெளிவந்தது. மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் இருந்ததால் நாடு முழுக்கப் பரவியது. எம்.சி.ஏ. படிப்பு வந்ததற்கும் அவருடைய பரிந்துரை முக்கியமான காரணம்.

சென்னைக்கு 1973 முக்கியமான வருடம். ஜெர்மனியின் உதவியோடு கிண்டி பக்கம் உள்ள ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. கான்பூரில் இருந்த பேராசிரியர் எச்.என்.மகாபலா இங்கே வந்து சேர்ந்தார். அப்போதெல்லாம் திரையும் கிடையாது, மவுஸும் கிடையாது. புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை, அதில் 80 பத்திகளில் துளை போட வேண்டும். அட்டைக் கட்டைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கேயோ ஒரு கமா விட்டுப்போயிருந்தால் விடைக்குப் பதிலாகப் பிழைச் செய்திதான் அச்சாகி வரும். கட்டு கை தவறிக் கீழே விழுந்து வரிசை கலைந்துவிட்டால் அன்றைக்கு நரகம்தான்! அதனால்தான் அந்தக் காலத்து மாணவர்கள் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே பேப்பரில் வைத்து யோசித்துப் பழகினார்கள். அந்தப் பழக்கம் பிற்காலப் பாடத்திட்டங்களில் தேய்ந்துபோனது பெரிய நஷ்டம்.

இதெல்லாம் நகரத்தின் தென்கோடி விவகாரம். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் கம்ப்யூட்டர் வந்த வழியே வேறு.

1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். அந்த மண்ணில் புது இயந்திரம் என்றால் முதல் கேள்வி, எத்தனை பேருக்கு வேலை போகும் என்பதுதான். நாடு முழுக்கவும் அந்தப் பயம் இருந்தது. 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. கம்ப்யூட்டர் நிறுவுவதைத் தடுக்க ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். வங்கிகளில் 1983-ல்தான் நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் இது பற்றி ஓர் ஒப்பந்தம் வந்தது. அந்தப் பயத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் 1996-ல் பின்னி ஆலை மூடப்பட்டதைப் பார்த்த தெருக்களில் போய் யாரும் அப்படிச் சிரிக்க முடியாது (ஆலை மூடியதற்குக் கம்ப்யூட்டர் காரணமில்லை என்பது வேறு விஷயம்).

அப்பா ஆலை வேலையை நம்பினார், பிள்ளை சர்டிபிகேட்டை நம்பவேண்டி வந்தது. 1981-ல் என்.ஐ.ஐ.டி., 1986-ல் ஆப்டெக் என்று தனியார் பயிற்சி நிறுவனங்கள் தொடங்கின. ஆனால் அந்த ஃபீஸ் எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா? பலருக்கும் எட்டிய தூரத்தில் இருந்தது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்தான். ஏ.எஸ்.டி.எஃப். என்று விரல் தேயத் தட்டி, இங்கிலீஷில் நிமிடத்துக்கு 30 வார்த்தை வந்தால் லோயர், 45 வந்தால் ஹையர். அரசுத் தட்டச்சர் வேலைக்கு அந்தச் சான்றிதழோடு தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் கம்ப்யூட்டர் அலுவலகப் பயிற்சிச் சான்றிதழும் கேட்கப்பட்டது. கான்பூரில் புரோகிராமாக ஆரம்பித்த பாடம், இங்கே ஆபீஸ் டைப்பிங்காக வந்து சேர்ந்தது!

காமர்ஸ் மாணவர்களுக்கு அடுத்த தெய்வம் டேலி. 1986-ல் பெங்களூரில் கோயங்கா குடும்பத்தின் அப்பாவும் மகனும் ஆரம்பித்த கம்பெனியின் சாஃப்ட்வேர். ரசீதுக்கு எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7 என்று விரல் பழகிவிட்டால் போதும், லெட்ஜரும் டிரையல் பேலன்ஸும் தானாக வந்து நிற்கும். பற்று எது, வரவு எது என்று தெரியாமலேயே என்ட்ரி போடக் கற்றுக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. ஆபத்தும் அதுதான். வவுச்சரைத் தப்பான தலைப்பில் போட்டாலும் டிரையல் பேலன்ஸ் அழகாகப் பொருந்தும். அதைக் கண்டுபிடிக்கப் புத்தகக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

துறைமுகமும் இதற்குள் மாறியது. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை சுமந்த இடத்தில் இரும்புப் பெட்டிகளைக் கிரேன் தூக்கியது. பிற்பாடு சுங்க ஆவணங்களும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தபோது, கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் உட்காரும் பையனுக்குக் கீபோர்டு தெரிந்தே ஆகவேண்டிய காலம் வந்துகொண்டிருந்தது. தோளில் இருந்த வேலை விரலுக்கு வந்தது, ஆட்கள் எண்ணிக்கை மட்டும் குறைந்தது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. லேபில் ஒரு கம்ப்யூட்டரை மூன்று பேர் பங்கு போட்ட பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒன்று கிடைத்தது. ஆனால் அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குத்தான் அது. சுயநிதிக் கல்லூரிகள் பட்டியலில் இல்லை. கடன் வாங்கி ஃபீஸ் கட்டி சுயநிதிக் கல்லூரியில் பி.சி.ஏ. படித்த பிள்ளை, பக்கத்துக் கல்லூரியில் வரலாறு படிக்கும் நண்பனிடம் லேப்டாப்பை இரவல் வாங்கித்தான் புரோகிராம் போட்டுப் பார்க்க வேண்டும்.