ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்: மனத்தின் இளைப்பாறல் ஆய்வுப்பொருளான வரலாறு

1865 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், பிரெடரிக் லா ஓம்ஸ்டெட், அதைப் பராமரிக்கும் பொறுப்பிலிருந்த தம் சக ஆணையர்களுக்கு ஓர் அறிக்கையை வாசித்துக் காட்டினார். கால்வர்ட் வாக்ஸுடன் சேர்ந்து நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்தவர் அவர். பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்கென மாநில அரசிடம் ஒப்படைக்கும் சட்டத்தில் லிங்கன் முந்தைய ஆண்டு ஜூன் 30 அன்று கையெழுத்திட்டிருந்தார். அந்த நிலத்தை எப்படிப் பராமரிப்பது என்று சொல்ல வேண்டிய அறிக்கையில், ஓம்ஸ்டெட் மனநலத்தைப் பற்றி விரிவாக எழுதினார். தொழில் கவலையிலிருந்து விடுபடவே வழியில்லாத மனம் எரிச்சல், வாட்டம் எனத் தொடங்கிப் பித்து வரைக்கும் போகலாம். இயற்கைக் காட்சியில் ஆழ்ந்திருக்கும்போதோ அது இயங்கிக்கொண்டே இளைப்பாறுகிறது என்பது அவர் வாதம்.

அதைவிட முக்கியமானது அடுத்து அவர் சொன்னது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தனியார் பூங்காக்கள் இருக்கின்றன, அவற்றை அனுபவிப்பவர்களோ மிகச் சிலரான பெரும் பணக்காரர்கள் என்று சுட்டிக்காட்டி, இந்த இளைப்பாறலைச் சாதாரண மக்களுக்கும் உறுதிசெய்வது அரசின் கடமை என்றார். (யோசெமிட்டியின் பூர்வகுடிகளான அவாநீச்சி மக்களை 1851இல் ஆயுதப் படை துரத்தியிருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.) அறிக்கையைச் சக ஆணையர்கள் சிலர் அமுக்கிவிட்டார்கள். 1952இல்தான் லாரா உட் ரோப்பரின் முயற்சியால் அது அச்சேறியது.

இயற்கை மனத்தைத் தேற்றுகிறது என்ற கருத்தின் வரலாற்றை ஆய்வகத்தில் தொடங்குவது வழக்கம். என் பார்வையில் அது அரசியலில் தொடங்கியது. அந்தக் காட்சி யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வி முதலிலிருந்தே அதற்குள் இருந்தது. அளவீடுகள் பெருகப் பெருக அது பின்னுக்குப் போனது.

அளப்பதற்கான சொற்களை வில்லியம் ஜேம்ஸ் தந்தார். 1890இல் வெளியான உளவியல் நூலில் கவனத்தை அவர் இரண்டாகப் பிரித்தார்: நாம் முயன்று ஓரிடத்தில் நிறுத்துவது ஒன்று, தானாகவே ஈர்க்கப்படுவது மற்றொன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் காப்லான், ஸ்டீபன் காப்லான் தம்பதியினர் இந்தப் பிரிவைப் பின்னர் கையில் எடுத்தார்கள். 1970களில் அந்த மாநிலத்தின் வடகோடிக் காடுகளுக்கு ஆட்களை அழைத்துச் சென்று, அங்கே அவர்களுக்கு நேர்ந்த மாற்றங்களைக் கவனித்து வந்தவர்கள் இவர்கள். அந்த அனுபவமும் சேர்ந்து உருவான கோட்பாட்டை 1989இல் நூலாக்கினார்கள். முயன்று செலுத்தும் கவனம் களைத்துப்போகக் கூடியது. இடையூறுகளை ஓயாமல் ஒதுக்கித் தள்ளுவதே அந்தக் களைப்புக்குக் காரணம். மேகமும் இலையசைவும் கவனத்தை மெல்லத்தான் ஈர்க்கின்றன. சிந்தனைக்கும் இடம் விடுகின்றன. அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது.

கோட்பாடு நூலாவதற்கு முன்பே, ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் மிகச் சிறிய கட்டுரை ஒன்றை வெளியிட்டிருந்தார். பென்சில்வேனியாவின் புறநகர் மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்துக்கொண்டார். அங்கே சில அறைகளின் ஜன்னல் மரங்களைப் பார்த்திருந்தது. மற்றவை பழுப்புச் செங்கல் சுவரைப் பார்த்திருந்தன. வயது, பாலினம், உடல் பருமன், புகைப்பழக்கம், மாடி என ஒத்த இருவர் இருவராக 23 இணைகளைச் சேர்த்தார். மரங்களில் இலை அடர்ந்திருக்கும் மாதங்களில் சேர்ந்தவர்களை மட்டுமே கணக்கில் கொண்டார். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆயிற்று. நோயாளி அழுகிறார், நிறையத் தேற்ற வேண்டியிருக்கிறது என்பது போன்ற செவிலியர் குறிப்புகள் ஒருவருக்குச் சராசரியாக முதல் பிரிவில் 1.13, இரண்டாவதில் 3.96. வலி மருந்தில் வித்தியாசம் தெரிந்தது இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான். அறுவை முடிந்த முதல் நாளில் இரு தரப்பும் ஒன்றுபோலவே இருந்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்ப முடியாத அந்த நாளில் வேறுபாடு இல்லாததே இந்த ஆய்வை என்னை நம்பவைக்கிறது.

ஓம்ஸ்டெட்டின் கேள்வி மீண்டும் தலைதூக்கியது சிகாகோவில். 16 மாடி கொண்ட 28 கட்டடங்கள் வரிசையாக நின்ற ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ், ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்கான அரசு குடியிருப்பாக இருந்தது. பராமரிப்புச் செலவைக் குறைக்க அங்கே பல இடங்களில் பசுமையை எடுத்துவிட்டுத் தரையை மூடியிருந்தார்கள். சில கட்டடங்களின் அருகே மட்டும் மரமும் புல்லும் மிஞ்சின. எந்த வீடு என்று குடும்பங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, நிர்வாகம் ஒதுக்கியதுதான். இதைப் பயன்படுத்திக்கொண்டு பிரான்சஸ் குவோ, வில்லியம் சல்லிவன் இருவரும் 145 பெண்களிடம் ஆய்வு செய்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரங்கள் அருகிலிருந்த வீட்டுப் பெண்களின் கவனத்திறன் மேலாக இருந்தது. வீட்டுக்குள் சண்டையும் ஆவேசமும் குறைவு. இத்தனைக்கும் அங்கே இருந்தது காடல்ல, சில மரங்களும் கொஞ்சம் புல்லும்தான். இந்த வரலாற்றில் நான் அதிகம் மதிக்கும் ஆய்வு இது.

2008இல் மார்க் பெர்மன், ஜான் ஜோனிடஸ், ஸ்டீபன் காப்லான் மூவரும் ஆன் ஆர்பர் நகரில் செய்த சோதனை பலரும் அறிந்தது. பங்கேற்றவர்கள் ஒரு நாள் மரத்தோட்டத்திலும் வேறொரு நாள் நகரச் சாலையிலும் ஏறத்தாழ 50 நிமிடம் நடந்தார்கள். முன்னும் பின்னும் எண்களைக் கேட்டுத் தலைகீழாகச் சொல்ல வேண்டும்: 4, 9, 2, 7 என்றால் 7, 2, 9, 4. தோட்ட நடைக்குப் பிறகு மதிப்பெண் தெளிவாக ஏறியது. சாலை நடைக்குப் பிறகு அப்படி ஏறவில்லை. குளிர்காலத்தில் நடந்தவர்களுக்கும் இதே பலன் கிடைத்தது. மனநிலை மாற்றத்தால் அதை விளக்க முடியவில்லை. ஆகவே, நடை பிடித்திருந்ததால் வந்த உற்சாகம்தான் இது என்று சொல்லிவிட முடியாது.

ஆனாலும் எல்லாம் நிறுவப்பட்டுவிட்டது என்பது அவசரம். 2016இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று 13 வகைக் கவனச் சோதனைகளைப் பரிசீலித்து, 3 வகைகளில் மட்டுமே தெளிவான பலன் கண்டது; தலைகீழ் எண் சோதனை அவற்றுள் ஒன்று. கவனம் புதுப்பிக்கப்படுவதே காரணம் என்கிறது காப்லான் தரப்பு. உடலின் பதற்றம் முதலில் தணிகிறது, மற்றவை அதைத் தொடர்கின்றன என்கிறது உல்ரிச் தரப்பு. ஒரே நடையில் இரண்டும் சேர்ந்தே நிகழ்வதால், எது முந்தியது என்று பிரித்துக் காட்டும்படி சோதனையை அமைப்பது கடினமாகவே இருக்கிறது.