அடுப்புக்கென்று நட்ட மரம்

சென்னை நகரம் விறகில் பொங்கித் தின்ற காலத்தில், அந்த விறகில் கணிசமான பங்கு வடக்கிலிருந்து படகேறி வந்தது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டில் வெட்டியதும், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கரையோரத் தோப்புகளில் வெட்டியதும் பழவேற்காடு ஏரியைத் தாண்டி, எண்ணூர் வழியாகக் கால்வாயில் வந்து, பேசின் பிரிட்ஜ் அருகே கரை சேர்ந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள்; இல்லாவிட்டால் கோல் ஊன்றுவார்கள்; அதுவும் முடியாத இடத்தில் ஆட்கள் கரையில் நடந்தபடியே கயிறு கட்டி இழுப்பார்கள். படகிலிருந்து விறகுத் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து தெருத்தெருவாக வீடுகளுக்கு. திருவள்ளூர் மாவட்டத்தின் தொழில் வரலாற்றைச் சிப்காட் வளாகத்திலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. இந்தப் படகுகளிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

கால்வாயை 1806-இல் வெட்டத் தொடங்கியவர் பேசில் காக்ரேன் என்ற வணிகர். முதலில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல். பிறகு பழவேற்காடு ஏரி வரை. 1837-இல் அரசு அதை ஏற்று மேலும் நீட்டியது. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78-இல், பசியால் வேலை தேடி வந்தவர்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது.

விறகுக்கு இன்னொரு பெரிய வாய் 1856-இல் திறந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. பாதை திருவள்ளூர் வழியாகவே சென்றது. எஞ்சினுக்கு அன்று விறகுதான் தீனி. மதராஸ் மாகாணத்தின் வனக் காப்பாளராக அதே ஆண்டு பொறுப்பேற்ற ஹியூ கிளெகார்ன், 1861-இல் வெளியிட்ட நூலில் ரயில்வேயின் மரத் தேவை காடுகளுக்கு என்ன செய்யும் என்று கவலையோடு எழுதினார். நகரத்து அடுப்பும் ரயில் எஞ்சினும் ஒரே காட்டைத் தின்றால் காடு எத்தனை நாள் தாங்கும்? 1860களில் கரையோர மணலில் விறகுக்காகவே சவுக்குத் தோப்புகள் எழுந்தன.

சவுக்கு, ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியக் கரைகளின் மரம். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் சத்தில்லாத மணலிலும் நிமிர்ந்து வளரும். கட்டை கனம், பச்சையாகப் போட்டாலும் பற்றிக்கொள்ளும். உலர்ந்த கட்டை கிலோவுக்கு ஏறத்தாழ 5,000 கிலோகலோரி வெப்பம் தரும்.

ஆனால் மணலில் அது தானாக வந்துவிடவில்லை. நாற்றங்காலில் வளர்த்த கன்றை மழையில் நட்டுவிட்டு, தோப்புக்குள்ளேயே ஆங்காங்கே ஆழமில்லாத ஊற்றுக்குழி தோண்டுவார்கள். பானையோடு குழிக்குள் இறங்கி, மொண்டு, சரியும் மணலில் மேலேறி, ஒவ்வொரு கன்றின் தூரிலும் ஊற்ற வேண்டும். முதல் இரண்டு மூன்று கோடையைக் கன்று கடப்பது இந்தக் கைத்தண்ணீரால்தான். மதராஸின் அடுப்பு எரிந்ததற்குப் பின்னால் இருந்த உழைப்பில் இதுவே மிகக் கடினமானது. மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் இதுவே.

1899-இல் சென்னை-கூடூர் ரயில் பாதை வந்தது; படகுக்குப் போட்டி வந்தது. எஞ்சின்கள் நிலக்கரிக்கு மாறின. அடுப்பு மாறத்தான் நாளாயிற்று. 1969-இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. மண்ணெண்ணெயும் பிறகு காஸும் வீட்டுக்கு வீடு வர, விறகுத் தொட்டிகள் அருகின. அதே 1969-இல் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்காகத் தேர்வானது. காட்டை நம்பி அங்கே வாழ்ந்த யானாதி மக்களில் பலர் தீவை விட்டு வெளியேற நேர்ந்தது.

அடுப்பு கைவிட்ட மரத்தைக் காகித ஆலை பிடித்துக்கொண்டது. அதுவும் சுற்றுவழியில். 1984-இல் கரூர் மாவட்டம் புகளூரில் உற்பத்தியைத் தொடங்கிய அரசு நிறுவனமான டி.என்.பி.எல்., மரத்துக்குப் பதில் கரும்புச் சக்கையை நம்பியது. ஆனால் சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்துத்தான் தங்கள் நீராவியை எடுத்துவந்தன; சும்மா எப்படிக் கொடுக்கும்? அந்த ஆலைகளுக்கு நிலக்கரியில் ஓடும் பாய்லர் அமைத்துக் கொடுத்து, ஈடாகச் சக்கையை வாங்கியது டி.என்.பி.எல். மரத்தைக் காத்த நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் காகிதத்தின் கணக்கில் எரிந்த நிலக்கரியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சக்கை மட்டும் போதவில்லை. உழவர்களிடம் தைலமரமும் சவுக்கும் நடச் சொல்லி வாங்கும் திட்டங்கள் 2000களில் பெருகின. கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் நிறுவனம் சீக்கிரம் பருக்கும் சவுக்கு ரகங்களைத் தந்தது. நெல்லூர், பிரகாசம் பக்கத்துச் சவுக்கு ராஜமுந்திரி ஆலைக்குப் போகிறது.

ஆலைக்குப் போன மரம் முழுவதும் காகிதமாகிவிடுவதில்லை. சில்லுகளாக வெட்டி, ரசாயனத்தோடு அழுத்தத்தில் வேகவைக்கும்போது ஏறத்தாழப் பாதிதான் கூழாகத் தேறும். மீதி, லிக்னினோடு கரைந்து கரிய திரவமாக வெளியேறும். ஆலைக்காரர்கள் அதை பிளாக் லிக்கர் என்பார்கள். முதலில் அது தண்ணீர்தான். நூற்றுக்குப் பதினைந்து பங்கு திடப்பொருள் இருந்தால் அதிகம். அதைச் சுண்டக் காய்ச்சிப் பாகுபோல் ஆக்கி ரெக்கவரி பாய்லருக்குள் பீய்ச்சினால் தானே எரியும். நீராவி மேலே போய் டர்பைனைச் சுழற்றும். உருகிய ரசாயனம் அடியில் வழிந்து, சுண்ணாம்போடு சேர்ந்து மறுபடி சமையலுக்குத் தயாராகும். 1930களில் ஜி.எச். டாம்லின்சன் வடிவமைத்த இந்தப் பாய்லர் வந்த பிறகுதான் கிராஃப்ட் எனப்படும் இந்த முறையிலான காகிதத் தொழில் உலகெங்கும் பரவியது. ஆக, ரயில் எஞ்சினுக்கும் அடுப்புக்கும் என்று நட்ட சவுக்கில் பாதி இன்றைக்கும் நெருப்புக்குத்தான் போகிறது.

கால்வாயின் நிலைமை வேறு. விறகுப் படகுகள் போன வழியோரம், அத்திப்பட்டில், 1994 முதல் வட சென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது. அருகில், 2001-இல் திறந்த எண்ணூர் துறைமுகத்தில் அதற்கான நிலக்கரி கப்பலில் வந்து இறங்குகிறது. சாம்பல் படிந்து கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் தூர்ந்துவருவதை எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டுவருகிறார்கள். தோப்புகளிலோ, வெட்டிய மரத்தைத் தரம் பிரிக்கும் வேலை நடக்கிறது: நேரான கழி சாரத்துக்கும் பந்தலுக்கும், பருத்த கட்டை ஆலைக்கு. மிஞ்சும் மிலாறும் வேர்க்கட்டையும் செங்கல் சூளைக்கும் டீக்கடைக்கும் போகின்றன.