தண்டவாளம் போட்டவங்களும் கோச்சி ஓட்டினவங்களும்

சித்தப்பா மகன் ஏ.எல். எழுதிட்டு வீட்டில் இருக்கிறான். போன மாசம் ஒரு நாள் போனை நீட்டிக்கொண்டு வந்து, "அக்கா, றெயில்வேயில என்ஜின் டிரைவர் வேலைக்கு எப்படிப் போறது? தோட்டத்துல இருந்து யாராவது போயிருக்காங்களா?" என்று கேட்டான்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வர்த்தமானியில் அறிவித்தல் வரும், போட்டிப் பரீட்சை எழுதணும், மருத்துவப் பரிசோதனையில் கண் பார்வை சரியாக இருக்கணும். சாரதி உதவியாளராகச் சேர்ந்து, பழகி, பிறகுதான் சாரதி. இரண்டாவது கேள்விதான் சிக்கல். எங்க லயத்திலும் பக்கத்து டிவிசனிலும் அப்படி ஒருத்தரும் இல்லை. ஏன் இல்லை என்று தேடப் போனால் அது நூற்றைம்பது வருசத்துக் கதை.

எல்கடுவயில் கோச்சி இல்லை. பஸ்ஸில் கீழே இறங்கி வத்தேகமவுக்குப் போனால்தான் ஸ்டேஷன். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, உக்குவளை வழியாக மாத்தளைக்குப் போகும் அந்தப் பாதை 1880இல் திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து கண்டி வரைக்கும் 1867இலேயே பாதை வந்துவிட்டது. இரண்டுமே ஆட்களை ஏற்றிப்போக என்று போட்டதில்லை, கோப்பி மூட்டையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்டவை. ஆனால் 1869இலேயே கோப்பிச் செடியின் இலையில் நோய் விழுந்துவிட்டது. மாத்தளைக்குப் பாதை வந்து சேர்ந்த நேரம் கோப்பி செத்துக்கொண்டிருந்தது. பிறகு அதே பாதையில் தேயிலைப் பெட்டி போனது.

மாத்தளைக்கும் எங்க ஆட்களுக்கும் இன்னொரு பழைய தொடர்பு இருக்கு. தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே ஏறக்குறைய 150 மைல் நடந்து அவர்கள் வந்து சேர்ந்த இடம் மாத்தளைதான். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மிஞ்சியவர்கள் தோட்டத்துக்குப் போனார்கள். மலையை வெட்டி, சுரங்கம் குடைந்து, சிலிப்பர் கட்டை சுமந்து ரயில் பாதை போட்டவர்களிலும் பெரும்பங்கு இப்படித் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகள்தான்.

சரி, பாதையைப் போட்டது இவர்கள். என்ஜினில் ஏறியது யார்? ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குப் பிறகு பல காலம் அந்த வேலையில் பறங்கியர்தான் பெயர் எடுத்தார்கள். அப்பா டிரைவர், மகன் டிரைவர், மருமகன் கார்ட் என்று குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். கார்ல் முல்லரின் 'யக்கட யக்கா' என்ற ஆங்கில நாவல் அந்தக் குடும்பங்களைப் பற்றியதுதான். தலைப்பின் அர்த்தம் 'இரும்புப் பேய்'. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்த பிறகு பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள்.

அந்த வேலை லேசானதும் இல்லை. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறுகிற பாதையில் 44 அடி ஓடினால் ஒரு அடி ஏறணும். நீராவிக் காலத்தில் அதுக்குப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு என்ஜின் பூட்டினார்கள். ஃபயர்மேன் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கணும். கொதிகலனில் தண்ணீர் மட்டம் இறங்காமல் டிரைவர் பார்த்துக்கொள்ளணும். தண்டவாளம் நனைந்து சில்லு வழுக்கினால் மணல் தூவணும். மலையகப் பாதை ஒற்றைப் பாதை. அதனால் 'டேப்லட்' என்ற வட்டத் தகடு கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு நகர முடியாது. இரண்டு ஸ்டேஷன் மெஷினும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ஒரு தகடு வெளியே இருக்கும்போது இன்னொன்று வராது. எதிரில் வேறு கோச்சி வராது என்பதுக்கு அந்தத் தகடுதான் உத்தரவாதம்.

எங்க ஆட்களுக்குக் கிடைக்காமல் போனதும் ஒரு வகையில் இப்படியொரு தகடுதான். அதுக்குப் பெயர் பிரஜாவுரிமை.

இது 1948இல் திடீரென்று நடந்ததில்லை. 1939இலேயே அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களை நிறுத்தி அனுப்பும் திட்டம் வந்தது. முன்னால் நின்று நடத்தியவர் அப்போது போக்குவரத்து, பொதுவேலைகள் அமைச்சராக இருந்த ஜோன் கொத்தலாவல. ரயில்வேயும் அவர் பொறுப்பில்தான். அதைப் பற்றிப் பேச நேரு வந்தார், பேச்சு பலிக்கவில்லை. அந்த ஜூலையில்தான் இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது. அதாவது, டிரைவர் சீட்டை விடுங்க, அரசாங்கத்தில் மண்வெட்டி பிடிக்கிற வேலைகூடக் கையை விட்டுப் போகத் தொடங்கியது.

பிறகு 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். நாடற்றவருக்கு அரசாங்க வேலை ஏது? 1954இல் கனடாவிலிருந்து 'ஒன்டாரியோ' என்று பெயர் எழுதிய டீசல் என்ஜின் வந்து இறங்கியது. கரி அள்ளுகிற காலம் முடிந்து புது ஆட்கள் புது என்ஜினைப் பழகிய அந்த வருசங்களில், எங்க தாத்தாமார் விண்ணப்பம் போடவே தகுதி இல்லாமல் இருந்தார்கள்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் கணக்கு பிறகு பார்க்கலாம் என்று மனுசரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு எழுதப்பட்டவர்கள் மலைநாட்டு ஸ்டேஷன்களில் ஏறித் தலைமன்னாருக்குப் போனார்கள். மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுப்புக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வைத்தார். எங்க அப்பாயி இன்னமும் ஸ்டேஷனுக்கு வரமாட்டார். கோச்சி கூவினால் அக்காமார் போன நாள் ஞாபகம் வருதாம்.

நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அது நடந்த காலத்தில்தான் எங்க வயசுக்காரர்கள் பிறந்தோம். நம்மில் பலருக்கு இந்தக் கதையே தெரியாமல் இருப்பதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது சட்டத்தில் தடை இல்லை. ஆனால் ஒரு வேலைக்குப் போகச் சட்டம் மட்டும் போதாது. ஏற்கனவே போன ஒருத்தர் ஊரில் இருக்கணும். எந்தப் பாடம் எடுக்கணும், விண்ணப்பத்தை எப்படி நிரப்பணும் என்று சொல்ல ஒரு மாமா, ஒரு பக்கத்து வீட்டு அண்ணன் வேணும். பறங்கியர் வீட்டில் அப்பா மகனுக்குச் சொன்னது அதைத்தான். எங்களுக்கு அந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே வெட்டப்பட்டது. தோட்டப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்க.

தம்பியோடு உட்கார்ந்து பழைய வர்த்தமானி ஒன்றைத் திறந்து படித்தோம். தகைமைகளில் ஒரு வரி: 'இலங்கைப் பிரஜையாக இருத்தல் வேண்டும்.' அவன் அதை நின்று பார்க்கவே இல்லை. "அது சரி, அடுத்தது என்ன?" என்று கீழே தள்ளிக்கொண்டு போனான். எனக்குத்தான் கொஞ்ச நேரம் கண் அந்த வரியிலேயே நின்றது.