குழந்தையோடு சேர்ந்து செய்யும் பழ வாழைப்பழ ரொட்டி

பெயரில்தான் ரொட்டி. உண்மையில் இது ஈஸ்ட் சேர்க்காத ஒரு வகை அணிச்சல். பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் கடைகளில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, 1930-களில் அமெரிக்காவின் சமையல் புத்தகங்களில் இது பரவலாக இடம்பெற்றது. மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டாம், பிசைய வேண்டாம். அதனால்தான் பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளுடன் செய்ய இது ஏற்றது.

தோல் கறுத்துப்போன வாழைப்பழத்தைக் குப்பையில் போடுவது பல வீடுகளில் வழக்கம். இதற்கு வேண்டியதே அந்தப் பழம்தான். பழம் முதிர முதிர அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. பூஞ்சை பிடித்ததையும் புளித்த வாடை வீசுவதையும் மட்டும் ஒதுக்க வேண்டும். மலேசியச் சந்தையில் கிடைப்பவற்றில் பிசாங் பெராங்கான் மணமும் இனிப்பும் நிறைந்தது. மூன்று பழம் போதும். பிசாங் மாஸ் சிறியது என்பதால் ஐந்தாறு தேவைப்படும். ரஸ்தாளியில் இலேசான புளிப்பு இருக்கும், அதுவும் நன்றாகவே வரும். பொரிப்பதற்கு வாங்கும் பிசாங் தண்டோக் இதற்குச் சரிவராது.

தேவையானவை: தோல் நீக்கிய பழம் 300 கிராம், கோதுமை மாவு 200 கிராம், பழுப்புச் சீனி 80 கிராம், சமையல் எண்ணெய் 80 மில்லிலிட்டர், முட்டை இரண்டு, பேக்கிங் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. உலர்ந்த திராட்சை, விதை நீக்கிய பேரீச்சம்பழம், சாறு நன்றாக வடித்த அன்னாசித் துண்டு எல்லாம் சேர்த்து 100 கிராம். முட்டை சாப்பிடாத வீடுகளில் ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர் என்று மாற்றிக்கொள்ளலாம். ரொட்டி சற்று ஈரமாக இருக்கும், அவ்வளவுதான்.

பழத்தை உரிப்பதும் முள்கரண்டியால் மசிப்பதும் பிள்ளையின் வேலை. கட்டி கட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. மசித்ததும் ஒரு சிறு கிண்ணத்தில் இரண்டு கரண்டி எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். காரணம் உண்டு. முட்டையும் மாவும் கலந்த பிறகு கரண்டியை நக்கப் பிள்ளைகள் துடிப்பார்கள். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியும். பச்சை மாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம் என்பதைப் பெரியவர்களே மறந்துவிடுகிறார்கள். "கூடாது" என்று சொல்லிப் பிள்ளையை அழவைப்பதைவிட, தனியே எடுத்த பழத்தை நீட்டுவது எளிது. முட்டை உடைத்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவைக்க வேண்டும்.

மசித்த பழத்துடன் சீனி, எண்ணெய், முட்டை சேர்த்து ஆசை தீரக் கலக்கவிடலாம். இன்னொரு பாத்திரத்தில் மாவு, சோடா, உப்பு. அதையும் பிள்ளையே கலக்கட்டும். இரண்டையும் ஒன்றுசேர்க்கும்போதுதான் பெரியவர் கை வேண்டும். ஈரம் பட்ட கோதுமை மாவை அதிகம் கலக்கினால் ரொட்டி ரப்பர்போல் இறுகிவிடும். வெள்ளை மாவு கண்ணில் படாத அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை கிளறினால் போதும். பழத் துண்டுகளில் ஒரு கரண்டி மாவைத் தூவிப் புரட்டிச் சேர்த்தால் அடியில் தங்குவது குறையும்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு முந்திரி, பாதாம் போன்றவற்றை முழுதாகப் போடக்கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சை, பேரீச்சம்பழத்தையும் பொடியாக நறுக்குவதே நல்லது. வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கும் கொடுப்பதாக இருந்தால் சீனிக்குப் பதில் தேன் சேர்க்க வேண்டாம்.

எண்ணெய் தடவிய 9 அங்குல நீளத் தட்டில் ஊற்றி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் 50 முதல் 60 நிமிடம் வேகவைக்க வேண்டும். நடுவில் குத்திய பல்குச்சி ஈர மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. மேல்பகுதி சீக்கிரம் கறுத்தால் அலுமினியத் தாளால் மூடலாம்.

ஓவன் இல்லையா? கேக் பீசாங் குக்குஸ் இந்நாட்டில் புதிதல்ல. இட்லிப் பானையில் அடங்கும் வட்டத் தட்டில் ஊற்றி, மூடியில் துணி கட்டி, சுமார் 45 நிமிடம் ஆவியில் வைத்தால் மென்மையாக வரும். மொறுமொறுப்பான மேல்தோல் மட்டும் கிடைக்காது. தண்ணீர் வற்றினால் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும். மூடியைத் திறக்கும்போது பிள்ளை அடுப்பருகே நிற்கக்கூடாது; ஆவி சுடுவது கண்ணுக்குத் தெரியாது.

இறக்கியதும் வெட்டினால் பிசுபிசுவென உதிரும். தட்டிலேயே பத்து நிமிடம், பிறகு கம்பித் தட்டில் முழுதாக ஆறும்வரை வைக்க வேண்டும். பிள்ளைக்கு மிகக் கடினமான வேலை இந்தக் காத்திருப்புதான். பாத்திரம் கழுவ அழைத்தால் நேரம் போகும். நம் ஊர் வெக்கையில் ஒரு நாளுக்கு மேல் வெளியே வைக்காமல் குளிர்பெட்டிக்கு மாற்றுவது நல்லது. துண்டு போட்டு உறையவைத்தால், காலையில் ஒன்றை எடுத்துப் பள்ளி உணவு டப்பாவில் வைக்க, இடைவேளைக்குள் தானே இளகிவிடும்.